காரியாபட்டி அணி இந்திய லீக்கை வென்ற கோடை



போன பதிவில் பெரியாறு கால்வாய் பற்றி எழுதினேன். பலரும் பொறுமையாகப் படித்துப் பதில் போட்டிருந்தீர்கள், நன்றி. இன்றைக்குக் கால்பந்து. "வரலாறு சாருக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும் என்று தெரியும். ராஜாக்களின் சண்டையை மட்டும் வரலாறு என்று நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. யாருக்கு நேரம் கிடைத்தது, யாருக்கு இடம் கிடைத்தது, யார் வெளியே நின்றார்கள் என்பதும் வரலாறுதான். ஒரு பந்தை வைத்துக்கொண்டு அதைப் பேசலாம். பதிவு கொஞ்சம் நீளம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. மதுரையைச் சேர்ந்த கால்பந்து அணி ஒன்று இந்திய லீக் பட்டத்தை வென்றிருக்கிறது. எந்த அணி? எந்த வருஷம்?

இந்தக் கேள்வியை நேரிலும் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். சி.எஸ்.கே. எந்தெந்த வருஷம் கோப்பை வாங்கியது என்று மூச்சுவிடாமல் சொன்னவர்கள், இதற்கு விழித்தார்கள். பதில் இதுதான்: சேது எஃப்.சி., 2019. அது பெண்கள் அணி.

அந்த மே மாதம்

2019 கோடை உங்களுக்கு நினைவிருக்கும். மதுரையில் சித்திரைத் தேரோட்டமும் நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டுப்பதிவும் ஏப்ரல் 18 அன்று ஒரே நாளில் வந்தன. அதனால் மதுரைத் தொகுதிக்கு மட்டும் இரவு 8 மணி வரை நேரம் நீட்டித்தார்கள். ஓட்டு எண்ணிக்கை மே 23. இடைப்பட்ட ஒரு மாதமும் டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது.

அதே மே மாதத்தில் பஞ்சாபின் லூதியானாவில், குருநானக் மைதானத்தில், இந்தியப் பெண்கள் லீக்கின் மூன்றாவது பருவம் நடந்தது. மணிப்பூர், ஒடிசா, ஹரியானா, கேரளம், கோவா என்று பல மாநிலங்களிலிருந்து மொத்தம் 12 அணிகள். அதில் ஒன்று நம் பக்கத்து அணி. காரியாபட்டிக்கு அருகே புல்லூரில் இருக்கும் சேது பொறியியல் கல்லூரியின் ஆதரவில் வளர்ந்த அணி அது. வாடிப்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் போய், அங்கிருந்து மாட்டுத்தாவணி போய், அருப்புக்கோட்டை பஸ் ஏறினால் வழியில் வரும் ஊர் காரியாபட்டி. மாவட்டக் கணக்குக்கு விருதுநகர், பேச்சுக்கு மதுரை. அணியையும் மதுரை அணி என்றுதான் நாடு முழுவதும் சொல்கிறார்கள்.

அந்த அணியில் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இருந்தார். நேபாளத்திலிருந்து வந்த சபித்ரா பண்டாரி இருந்தார். வேறு மாநிலத்துப் பெண்களும் இருந்தார்கள். பயிற்சியாளர் அம்ருதா அரவிந்தும் ஒரு பெண்தான்.

இறுதி ஆட்டத்தில் எதிரணி மணிப்பூர் போலீஸ். இந்தப் பெயரைக் கேட்டால் பெண்கள் கால்பந்து தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த அணியின் பாலா தேவி அந்த ஒரு பருவத்தில் மட்டும் 26 கோல் அடித்தவர். அடுத்த ஜனவரியில் ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ரேஞ்சர்ஸ் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் எதிரே நிற்க, சேது அணி 3-1 என்று வென்றது. தமிழ்நாட்டு அணி ஒன்று பெண்கள் லீக்கில் பட்டம் வாங்கியது அதுவே முதல் முறை.

அடுத்த நாட்களில் நாடு தேர்தல் முடிவில் மூழ்கிவிட்டது. பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் செய்தி வந்தது. மதுரையில் பட்டாசு வெடித்த சத்தம் எதுவும் என் காதில் விழவில்லை.

மூன்று வாரத்தில் ஒரு பருவம்

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். லீக் என்றால் என்ன? ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளோடு மோத வேண்டும். ஒரு முறை சொந்த ஊரில், ஒரு முறை எதிரியின் ஊரில். ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஒரு வாரம் ஓய்வு, பயிற்சி. இப்படியே எட்டு ஒன்பது மாதம் ஓடும். அதைத்தான் பருவம் என்பார்கள்.

லூதியானாவில் நடந்தது வேறு. 12 அணிகளையும் ஒரே ஊருக்கு வரச் சொல்லி, இரண்டு பிரிவாகப் பிரித்து, மூன்று வாரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். பஞ்சாபின் மே மாத வெயிலில், இரண்டு மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம். பெயர் லீக், நடைமுறையில் ஒரு கோடை முகாம். பட்டம் வாங்கிய அணிக்கு அந்தப் பருவத்தில் மொத்தம் ஏழே ஆட்டம். சொந்த ஊர் மைதானத்தில், சொந்த ஜனங்கள் கைதட்ட, ஓர் ஆட்டம்கூடக் கிடையாது. மதுரையில் யாருக்கும் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். கண்ணால் பார்க்காத அணியை ஊர் எப்படிக் கொண்டாடும்?

ஏன் இப்படி? செலவு. 12 ஊர்களுக்கு மாறி மாறிப் பயணம், தங்குமிடம், மைதான வாடகை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பணம் போட ஆள் வேண்டும். ஆள் வர வேண்டுமானால் பார்வையாளர் வேண்டும். பார்வையாளர் வர வேண்டுமானால் ஊரில் ஆட்டம் நடக்க வேண்டும். ஊரில் ஆட்டம் நடத்தப் பணம் வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறோம், இல்லையா? இந்தச் சுழல் எங்கே தொடங்கியது என்று பார்க்க, கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம்.

சனிக்கிழமை மதியம் 2 மணி

கால்பந்து லீக் என்ற ஏற்பாடு பிறந்தது இங்கிலாந்தில், 1888-ல், 12 கிளப்புகளோடு. அடுத்த வருஷமே, 1889-ல், வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹம் நிலக்கரிச் சுரங்கப் பகுதியை ஒட்டி நார்தர்ன் லீக் தொடங்கியது. உலகின் இரண்டாவது பழைய லீக் அது. இன்றைக்கும் நடக்கிறது.

ஏன் அந்தக் காலத்தில், ஏன் அந்த ஊரில்? இரண்டு காரணம். ஒன்று ரயில். காலையில் கிளம்பிப் பக்கத்து நகரத்தில் ஆடிவிட்டு இரவு வீடு திரும்ப முடிந்தது. இரண்டாவது, சனிக்கிழமை அரைநாள் விடுமுறை. நீங்கள் பத்தாம் வகுப்பில் தொழிற்புரட்சி படித்தபோது தொழிற்சாலைச் சட்டங்கள் என்று ஒரு பாடம் வந்ததே, அதில் 1850-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. சனிக்கிழமை மதியம் 2 மணியோடு மில்லில் வேலையை நிறுத்த வேண்டும் என்றது. யாருக்கு? பெண்களுக்கும் இளம் தொழிலாளர்களுக்கும். வயதுவந்த ஆண்களைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை. ஆனால் பெண்களும் சிறுவர்களும் போய்விட்டால் தறி ஓடாது. அதனால் ஆண்களுக்கும் அரைநாள் கிடைத்தது. அந்த அரைநாளில்தான் கால்பந்து வளர்ந்தது.

இதை ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். பெண்களை முன்னிட்டு வந்த ஓய்வு நேரம். அந்த நேரத்தில் உருவான மைதானம் ஆண்களுக்கு.

நார்தர்ன் லீக்கில் ஆடிய சிறிய அணிகளில் ஒன்று வெஸ்ட் ஆக்லாண்ட். சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர், தொழிலாளர் அணி. 1909-ல் இத்தாலியின் டுரின் நகரத்தில் நடந்த பன்னாட்டுப் போட்டிக்குப் போய்க் கோப்பையை வென்றார்கள். 1911-ல் மறுபடியும் போய், இறுதி ஆட்டத்தில் யுவென்டஸ் அணியை 6-1 என்று தோற்கடித்தார்கள். ஆமாம், ரொனால்டோ பிற்காலத்தில் ஆடிய அதே யுவென்டஸ்தான். ஆனால் பயணச் செலவு அவர்களைக் கடனில் தள்ளியது. ஜெயித்த கோப்பையை உள்ளூர் விடுதிக்கார அம்மாவிடம் 40 பவுண்டுக்கு அடகு வைத்தார்கள். ஊர் அதைத் திரும்ப மீட்டது 1960-ல், 100 பவுண்டு கொடுத்து. 1994-ல் அந்தக் கோப்பை திருடு போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது அதைப் போலச் செய்த மாதிரி.

அந்தக் கோப்பையைக் கொடுத்தவர் யார் தெரியுமா? சர் தாமஸ் லிப்டன். தேயிலை வியாபாரி. இலங்கையில் ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்கள் வாங்கி, அந்தத் தேயிலையை இங்கிலாந்தில் விற்றுப் பெரும் பணக்காரர் ஆனவர். இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் மதுரை, ராமநாதபுரம், திருச்சி சீமைகளிலிருந்து போன நம் ஜனங்கள். கூடையைத் தலையில் கட்டிக்கொண்டு மலை ஏறியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் உறவிலும் கண்டிக்குப் போன கதை சொல்லும் குடும்பங்கள் உண்டே! யுவென்டஸை வென்று வாங்கிய கோப்பையின் வெள்ளியில் நம் பாட்டிமார்களின் வியர்வையும் கொஞ்சம் கலந்திருக்கிறது. உலகம் நாம் நினைப்பதைவிடச் சிறியது.

53,000 பேர் பார்த்த ஆட்டம்

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருவோம்.

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். தொழிற்சாலைகளில் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். பிரஸ்டன் நகரத்தில் டிக் கெர் என்ற கம்பெனி, டிராம் வண்டிக்கும் ரயிலுக்கும் சாமான் செய்தது. போரில் வெடிகுண்டு செய்யத் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த பெண்கள் இடைவேளையில் பந்து விளையாடினார்கள். அதிலிருந்து ஓர் அணி பிறந்தது. 1917 கிறிஸ்துமஸ் அன்று, காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்ட ஓர் ஆட்டம் வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் 10,000 பேர்.

போர் முடிந்தது. ஆண்கள் திரும்பினார்கள். இனி பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் குறையும் என்று நினைத்திருப்பார்கள். குறையவில்லை. 1920 டிசம்பர் 26, லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானம், டிக் கெர் அணிக்கும் செயின்ட் ஹெலன்ஸ் அணிக்கும் ஆட்டம். உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் 14,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அன்றைக்கு நன்கொடையாகச் சேர்ந்த தொகை 3,115 பவுண்டு. அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய பணம். அணியில் லில்லி பார் என்று ஒரு பெண், வயது 15. இடது காலால் அவர் அடித்தால் பந்து எங்கே போகும் என்று கோல்கீப்பர்கள் பயந்தார்களாம்.

1921 டிசம்பர் 5. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கூடியது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல, அதை ஊக்குவிக்கக் கூடாது என்று முடிவு எடுத்தது. சேர்ந்த பணத்தில் நன்கொடைக்குப் போனது குறைவு, செலவுக்கு எடுத்தது அதிகம் என்றும் ஒரு புகாரைச் சேர்த்துக்கொண்டது. பிறகு ஓர் உத்தரவு போட்டது. அந்த உத்தரவின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். "பெண்கள் ஆடக்கூடாது" என்று அது சொல்லவில்லை. சங்கத்தில் சேர்ந்த கிளப்புகள் தங்கள் மைதானத்தைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொன்னது. அவ்வளவுதான்.

அவ்வளவே போதுமானதாக இருந்தது. பெரிய மைதானம் எல்லாம் சங்கத்தின் கிளப்புகளிடம். மைதானம் இல்லையென்றால் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லையென்றால் வசூல் இல்லை, வசூல் இல்லையென்றால் பயணம் இல்லை. அன்றைக்கு இங்கிலாந்தில் சுமார் 150 பெண்கள் அணிகள் இருந்தன. அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். பூங்காவிலும் ரக்பி மைதானத்திலும் ஆடினார்கள். டிக் கெர் பெண்கள் 1922-ல் அமெரிக்காவுக்கே போய் ஆண்கள் அணிகளோடு 9 ஆட்டம் ஆடி, 3 ஜெயித்து, 3 சமன் செய்துவிட்டு வந்தார்கள். அணியை 1965 வரை இழுத்துப் பிடித்து நடத்தினார்கள். ஆனால் 53,000 பேர் வந்த கூட்டம் திரும்ப வரவில்லை.

அந்தத் தடை விலகியது 1970-களின் தொடக்கத்தில். ஏறக்குறைய 50 வருஷம். இரண்டு தலைமுறைப் பெண்கள் ஆடாமலே கிழவியானார்கள். 2022-ல் இங்கிலாந்துப் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது வெம்ப்ளியில் 87,192 பேர் இருந்தார்கள். "பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்பவர்களுக்கு 1920-ஆம் வருஷமே பதில் இருந்தது. நடுவில் கதவைப் பூட்டியவர்கள்தான், கூட்டம் வரவில்லை என்று பிறகு சொன்னவர்கள்.

நம் நாட்டில்

இந்தியாவில் அப்படி ஒரு தடை உத்தரவு யாரும் போட்டதில்லை. தேவைப்படவில்லை.

1975-ல் பெண்கள் கால்பந்துக்கென்று தனிச் சம்மேளனம் அமைந்தது. அந்த வருஷமே லக்னோவில் முதல் தேசியப் போட்டி நடந்தது. ஐந்தே வருஷத்துக்குள் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் நம் பெண்கள் இரண்டாமிடம். 1983-ல் பாங்காக்கில் மறுபடியும் இரண்டாமிடம். சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது வாங்கினார். கிரிக்கெட்டில் கபில்தேவ் உலகக் கோப்பை வாங்கிய அதே 1983தான். ஒன்று வீட்டுக்கு வீடு தெரியும். மற்றது?

1990-களின் தொடக்கத்தில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பெண்கள் ஆட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டது என்றால் வளர்த்தது என்று அர்த்தமில்லை. 2009-ல் இந்தியப் பெண்கள் அணி, 18 மாதமாகப் பன்னாட்டு ஆட்டமே ஆடவில்லை என்ற காரணத்தால் உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தோற்றதற்காக அல்ல, ஆடாததற்காக. ஆடாதது அந்தப் பெண்களின் விருப்பமா? ஆட்டம் ஏற்பாடு செய்தால்தானே ஆட முடியும்? பெண்களுக்கு தேசிய லீக் என்று ஒன்று வந்ததே 2016-17 பருவத்தில்தான்.

இதற்கு நடுவில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பது பெருமையான கதை. கடலூர்ப் பக்கத்தில் சில பயிற்சியாளர்கள், சாதாரணக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து விடாமல் பயிற்சி கொடுத்தார்கள். அங்கிருந்து பலர் மாநில அணிக்கும் தேசிய அணிக்கும் போனார்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியில், பல முறை பட்டம் வாங்கிப் பழகிய மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்துத் தமிழ்நாடு முதல் முறையாகப் பட்டம் வாங்கியது. அடுத்த வருஷம் சேது அணியின் லீக் பட்டம். 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு மறுபடியும் தேசியச் சாம்பியன். லூதியானா வெற்றி தற்செயல் அல்ல என்பதற்கு முன்னும் பின்னும் சாட்சி இருக்கிறது.

சேது அணி அதோடு நிற்கவில்லை. 2022-ல் புவனேஸ்வரத்தில் 12 அணிகள் ஆடிய லீக். 10 ஆட்டம் முடிந்தபோது இரண்டே அணிகள் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்திருந்தன: சேதுவும், கேரளத்தின் கோகுலமும். கடைசி ஆட்டத்தில் இரண்டும் மோதின. சேது முதலில் கோல் அடித்தது. பிறகு கோகுலம் மூன்று அடித்து 3-1 என்று பட்டத்தைக் கொண்டுபோனது. வருத்தமான தோல்விதான். ஆனால் அதற்குப் பின்னால் நடந்ததைக் கேளுங்கள். பட்டம் வாங்கிய கோகுலம் பெண்கள் ஆசியக் கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போய் இறங்கினார்கள். அந்த ஆகஸ்ட்டில், நிர்வாகக் குளறுபடிகளுக்காக இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை உலகச் சம்மேளனம் இடைநீக்கம் செய்தது. டாஷ்கண்டில் போய் நின்ற பெண்கள் ஓர் ஆட்டமும் ஆடாமல் திரும்பினார்கள். இரண்டு வாரத்துக்குள் இடைநீக்கம் விலகியது, ஆனால் அவர்களின் போட்டி போனது போனதுதான். நாற்காலிச் சண்டை ஒரு பக்கம், நஷ்டம் மறுபக்கம். 1921-லும் அதே கதை.

நல்ல செய்தியும் உண்டு. 2023-24 பருவத்தில் லீக் முறை மாறியது. சொந்த ஊரில் ஒரு முறை, எதிரணியின் ஊரில் ஒரு முறை என்று முறையான லீக்காக ஆடத் தொடங்கினார்கள். 2025 ஜூலையில் நம் பெண்கள் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து அந்தக் கோப்பைக்குப் போவது இதுவே முதல் முறை. 2009-ல் பட்டியலிலேயே இல்லாத அணி இது.

மரத்தடியும் கிரவுண்டும்

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த காலத்தில் பல பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். பி.டி. பீரியட் மணி அடித்தால் பையன்கள் கிரவுண்டுக்கு ஓடுவார்கள். பெண்பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காருவார்கள். சிலர் பூக் கட்டுவார்கள், சிலர் அடுத்த பீரியட் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். "நீங்கள் விளையாடக் கூடாது" என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. பந்து அவர்கள் பக்கம் போனதில்லை, அவ்வளவுதான். என் மாணவிகளே, உங்களில் பலருக்கு அந்த மரம் நினைவிருக்கும். உங்களில் எத்தனை இந்துமதி இருந்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்கே தெரியாது.

இப்போது நம் உறவில் ஒரு வீட்டில் ஒரு பேச்சு ஓடுகிறது. பேத்தி முறை வேண்டும் எனக்கு, எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். நன்றாக ஓடுகிறாள், பந்தும் ஆடுகிறாள். விளையாட்டு விடுதியில் சேரவேண்டும் என்று கேட்கிறாள். வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வெயிலில் கறுத்துப் போவாள். கை கால் உடைந்தால் யார் கட்டிக்கொள்வார்? அரைக்கால் டவுசர் போட்டு ஆட வேண்டுமாமே. படிப்பு போய்விடும். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள். எனக்கும் போன் வந்தது: "மாமா, நீங்க சொன்னா கேப்பா. கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

சொல்கிறேன், எல்லோருக்கும் கேட்கும்படி இங்கேயே சொல்கிறேன். ஆனால் அவளுக்கு அல்ல.

படிப்புப் போய்விடும் என்பவர்களுக்கு: சேது அணியை வளர்த்ததே ஒரு பொறியியல் கல்லூரி. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருவில் நின்று டியூட்டி பார்த்தவர். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டில் சாதித்தவர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டுக்கு இடம் உண்டு. அதற்காக, ஆடுகிற எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். கிடைக்காதவர்களே அதிகம். பெண்கள் கால்பந்தில் சம்பளம் இன்னும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அடிபடும், அதுவும் உண்மை. ஆனால் படிக்கிற எல்லோருக்கும் வேலை கிடைக்கிறதா? அதற்காக நாம் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்கிறோமா?

கறுத்துப் போவாள் என்பவர்களுக்கு: நம் பக்கத்துப் பெண்கள் நாற்று நடுவது நிழலிலா? பெரியாறு பாசனத்தில் இரண்டு போகமும் சேற்றில் நின்று நட்டவர்கள் நம் அம்மாக்களும் அத்தைகளும். அந்த வெயிலுக்கு ஒருவரும் ஆட்சேபம் சொன்னதில்லை. கூலிக்கு நிற்கும் வெயில் சரி, ஆசைக்கு நிற்கும் வெயில் தப்பு என்றால், அது வெயிலைப் பற்றிய கவலை அல்ல.

1921-ல் லண்டனில் கூடிய சங்கத்துக்காரர்களும் தங்களைப் பெண்களுக்கு எதிரிகள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். பெண்களின் உடம்புக்கு நல்லதல்ல என்று டாக்டர்கள் சிலரே அப்போது சொன்னார்கள். அக்கறையின் பெயரால்தான் கதவு மூடியது. திறக்க 50 வருஷம் ஆனது. ஒரு வீட்டில் அந்தக் கதவை மூட ஒரு நிமிஷம் போதும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு ஒரு முறைதான் வரும்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பதினைந்து இருபது பேராவது இன்றைக்குப் பள்ளிகளில் இருக்கிறீர்கள். பி.டி. பீரியடை கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாளாவது கிரவுண்டைப் பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். முழு கிரவுண்டையும் கொடுங்கள், ஓரத்தை அல்ல. செலவு ஒரு பந்துதான்.

வெளியூரில் இருப்பவர்கள், முக்கியமாக இங்கிலாந்துப் பக்கம் வேலைக்குப் போன தம்பிகள், முடிந்தால் மான்செஸ்டரில் உள்ள கால்பந்து அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போங்கள். அங்கே லில்லி பாருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அவர் இறந்தது 1978-ல், சிலை வந்தது 2019-ல். நம் காரியாபட்டி அணி பட்டம் வாங்கிய அதே வருஷம். ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

உள்ளூரில் இருப்பவர்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். அடுத்த முறை சேது அணி ஆடும்போது செல்போனிலாவது போட்டுப் பாருங்கள், வீட்டுப் பெண்பிள்ளைகளையும் கூட உட்கார வைத்து. பிடித்திருந்தால் வெள்ளைக்காரன் பாஷையில் லைக் போடுங்கள், நம் பாஷையில் நாலு வரி எழுதுங்கள். உங்களில் யார் வீட்டிலாவது பெண்பிள்ளை விளையாடுகிறாள் என்றால், அவள் பெயரும் என்ன ஆட்டம் என்பதும் எழுதுங்கள். அவளுக்கு என் ஆசீர்வாதம்.

அந்தப் பேத்தியின் விண்ணப்பத்துக்கு நாள் நெருங்குகிறது. அவளுடைய அப்பாவும் இதைப் படிப்பார். மாப்பிள்ளை, முடிவு உங்கள் கையில்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்,
வாடிப்பட்டி